அதே இருமல், வேறு கிருமி

ஏரியூர்ப் பக்கம் ஒருவர் மூன்று வாரத்துக்கு மேல் இருமினால், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே தெரு முடிவெடுத்துவிடும்: டி.பி.தான். அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. நம் கிராமங்களில் நெடுநாள் இருமல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்றைக்கும் காசநோயைத்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் அடங்காத ஒரு சிறு கூட்டம் எப்போதும் இருந்துவந்திருக்கிறது. ஆறு மாத மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கியும் சளி நிற்காதவர்கள். "ஒழுங்கா மாத்திரை போட்டிருக்க மாட்டே" என்று ஏச்சு வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவையும் அதே மருந்தைத் தொடங்கியவர்கள். அவர்களில் சிலருடைய நுரையீரலில் இருந்தது டி.பி. கிருமியே இல்லை, அதன் பங்காளி.

மருத்துவர்கள் அதை என்.டி.எம். என்கிறார்கள். கொஞ்சம் மூத்த டாக்டராக இருந்தால் 'அட்டிபிக்கல்' என்பார். மைக்கோபாக்டீரியம் என்ற கிருமிக் குடும்பத்தில் காசநோய், தொழுநோய் இரண்டையும் உண்டாக்குகிறவற்றைத் தள்ளிவிட்டால் மிச்சம் 190 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர். பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் தம்பாட்டுக்குக் கிடப்பவை. ஏவியம், இன்ட்ராசெல்லுலாரே, கன்சாசி, அப்செஸஸ் என்று ஒரு சில மட்டும் மனித நுரையீரலில் குடியேறி நோய் செய்கின்றன.

ஏரியூர் தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்து ஊர். காவிரி ஒகேனக்கல்லில் விழுந்து, ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கமாக அகலும் இடத்துக்குப் பக்கம். நாகமரைத் துறையில் நின்றால் தண்ணீருக்கு அந்தப்புறம் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1934இல் மேட்டூர் அணை முடிந்து தண்ணீர் ஏறியபோது இந்தக் கரைகளின் பழைய ஊர்கள் உள்ளே போயின; அணை வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியின் நந்தி இன்றும் தலைகாட்டும். அப்போது இது சேலம் ஜில்லாவின் ஒரு மூலை. தருமபுரி தனி மாவட்டமானதே 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான்.

அந்த நாளில் இங்கே ஒருவருக்கு நெஞ்சுச் சளியும் மாலைக் காய்ச்சலும் கண்டு உடம்பு உருகினால் அதற்குப் பெயர் எலும்புருக்கி. கையில் காசுள்ளவர்களுக்கு 1915இல் தொடங்கிய மதனபள்ளி ஆரோக்கியவரம், 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் என்று போக இடம் இருந்தது. கேழ்வரகும் கடலையும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மதனபள்ளி ஏது, தாம்பரம் ஏது? திண்ணையோரம் ஒரு கட்டில், தனித் தட்டு, தனிச் சொம்பு. அவ்வளவுதான் வைத்தியம்.

அதை மாற்றியது சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம். இப்போது அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் படுத்தவர்களும், வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959இல் அந்த மையம் உலகத்துக்குக் காட்டியது. டி.பி. வைத்தியம் வீட்டு வாசலுக்கு வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மருந்து வீடுவரைக்கும் வந்தது. நோயைக் கண்டுபிடிக்கும் முறையோ நுண்ணோக்கியோடு நின்றுகொண்டது. சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகளின் சாயம் கழன்றுவிடும். மைக்கோபாக்டீரியத்தின் மேல்தோல் மெழுகாலானது, சாயத்தை விடாது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் டி.பி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த இந்த முறை எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மலிவு, வேகம், எந்த ஊரிலும் செய்யலாம். ஆனால் அந்த மெழுகுத்தோல் குடும்பம் முழுக்க உண்டு. என்.டி.எம். கிருமியும் அதே சிவப்பில்தான் தெரியும். லேப் டெக்னீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பங்காளிக் கிருமிகள் தமிழ்நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்பது தெரியவந்தது வேறொரு காரியத்தின் நடுவே. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். உலகில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. 1979இல் முதல் முடிவு வந்தபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கை முடித்து 1999இல் வெளியிட்டபோதும் அதே முடிவுதான்.

ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை ஒற்றைப் பதில் கிடையாது. முன்வைக்கப்பட்ட காரணங்களில் வலுவானது மண்ணைக் காட்டுகிறது. அந்தக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு, டி.பி. கிருமியின் சாற்றோடு இன்ட்ராசெல்லுலாரே கிருமியின் சாற்றையும் தோலில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். மிகப் பெரும்பாலோருக்குத் தோல் தடித்தது. அதாவது சிறு வயதிலிருந்தே அவர்கள் இந்தக் கிருமிகளை மூச்சிலும் தண்ணீரிலும் சந்தித்து, உடம்பு அதற்குப் பழகியிருந்தது. ஏற்கெனவே பழகிய உடம்பில் பி.சி.ஜி. புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பது அந்த வாதம். பிறகு அதே வட்டாரத்து மக்களின் சளியையும், ஊர் மண்ணையும், தண்ணீரையும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது என்.டி.எம். எல்லாவற்றிலிருந்தும் முளைத்தது.

நம் எல்லாருக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். களை வெட்டுகிறவர், டிராக்டர் பின்னால் புழுதியில் நடக்கிறவர், கிணற்றில் தூர் எடுக்கிறவர் எல்லோரும் இந்தக் கிருமியைச் சுவாசிக்கிறார்கள். ஆயிரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் நுரையீரலில் ஏற்கெனவே ஒரு பழுது இருந்தால்தான் அது கால் ஊன்றும்.

யாருக்கு அப்படிப் பழுது? இரண்டு விதமானவர்களைப் பாடநூல்கள் வரைந்து காட்டுகின்றன. ஒருவர் ஐம்பது அறுபது வயது ஆண். பல வருஷம் பீடி. அல்லது கல்லுடைக்கும் இடத்தில் தூசி தின்றவர். அல்லது இளம் வயதில் டி.பி. வந்து குணமானவர். இவருக்கு நோய் நுரையீரலின் மேல்பகுதியில் குழி பறிக்கும்; எக்ஸ்ரேயில் பார்த்தால் அசல் டி.பி. மாதிரியே இருக்கும், குழியின் சுவர் மட்டும் பெரும்பாலும் சற்று மெல்லியது. இன்னொருவர் மாதவிடாய் நின்ற வயதுப் பெண். ஒல்லி, சற்று உயரம், சிலருக்கு முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கும், மார்பெலும்பு உள்வாங்கியிருக்கும். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டவரில்லை. இவருக்கு நடு மடலிலும் அதற்கு நேரான இடப்பக்கப் பகுதியிலும் மூச்சுக் குழாய்கள் தளர்ந்து அகன்று, அதைச் சுற்றிச் சிறு முடிச்சுகள் தோன்றும். சாதா எக்ஸ்ரேயில் இது பிடிபடாமல் போகலாம், சி.டி. ஸ்கேனில் துளிர்விட்ட கிளையைப் போலத் தெரியும். 1992இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் பெண்களின் நோய்க்கு ஆஸ்கார் வைல்டின் நாடகப் பாத்திரமான லேடி வின்டர்மியரின் பெயரை வைத்தார்கள். நாகரிகம் கருதி இருமலை அடக்கிக்கொள்வதால் சளி தேங்கி நோய் வருகிறது என்பது அவர்கள் ஊகம். அந்த ஊகம் நிரூபணமாகவில்லை. ஒரு சீமாட்டியின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம்மூர்ப் பெண்கள் நாகரிகத்துக்காக இருமலை அடக்குவதில்லை. மாமியார், மருமகள், அக்கம்பக்கம் என்ன நினைப்பார்களோ என்று அடக்குவார்கள்.

அறிகுறிகள் என்று எடுத்தால், ஏமாற்றும் அளவுக்குச் சாதாரணம். முதலில் இருமல். மாதக்கணக்கில் நீடிக்கும், காலையில் அதிகம். சிலருக்குக் கெட்டிச் சளி, சிலருக்கு வறட்டு இருமல். அதோடு வரும் அசதியை நோயாளிகள் இருமலைவிடப் பெரிய தொல்லையாகச் சொல்வதுண்டு: நேற்றுவரை இரண்டு குடம் தூக்கியவர் ஒரு குடத்துக்கே உட்கார்ந்துவிடுவார். மாடிப்படி, மேட்டு நிலம் என்றால் மேல்மூச்சு வாங்கும். ரவிக்கை தொளதொளக்கும், இடுப்புப் பட்டையில் புதிதாக ஒரு துளை போட வேண்டிவரும். லேசான காய்ச்சலும் இரவு வியர்வையும் உண்டு, ஆனால் டி.பி.யில் வருகிற அளவுக்குப் பெரும்பாலும் இராது. அகன்ற மூச்சுக் குழாய் உள்ளவர்களுக்குச் சளியில் ரத்தக் கீற்று தெரியும். சிலருக்கு வாய் நிறைய ரத்தமே வந்து பயமுறுத்தும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் மூச்சை இழுக்கும்போது பொரிகிற சத்தம், நடுவில் ஒரு சின்னக் கீச்சொலி. இவை எதுவும் என்.டி.எம்.க்கே உரியவை என்று சொல்ல முடியாது, டி.பி.க்கும் பொருந்தும், பழைய ஆஸ்துமாவுக்கும் பொருந்தும், புகைத்த நுரையீரலுக்கும் பொருந்தும்.

என்றாலும் கூர்ந்து கவனித்தால் வேகத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. டி.பி. சில மாதங்களில் ஆளைச் சாய்த்துவிடும். இது வருஷக்கணக்கில் நகரும். 'ரெண்டு வருஷமாவே இப்படித்தாங்க இருக்குது, நடுவுல கொஞ்சம் பரவால்லைங்க' என்று நோயாளி சொன்னால், அந்த 'நடுவுல'க்குக் காது கொடுக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும்.

டாட்ஸ் காலத்தில் அந்த 'நடுவுல' என்ன நடந்தது என்று பார்ப்போம். 1997இல் திருத்திய தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. ஒவ்வொரு நோயாளி பெயருக்கும் ஒரு மருந்துப் பெட்டி. வாரத்தில் மூன்று நாள், சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும்; அதுதான் டாட்ஸ். புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி. திரும்ப வந்தவருக்கு நீலப் பெட்டி, கூடவே இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அமைப்பாகப் பார்த்தால் பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் சளியில் சிவப்புக் குச்சி தெரிந்த என்.டி.எம். நோயாளியும் இந்தப் பெட்டிக்குள்தான் விழுந்தார். டி.பி. மருந்துகளில் ரிஃபாம்பிசினும் எதாம்புட்டாலும் ஏவியம் கூட்டத்தை ஓரளவு அடக்கும். ஐசோனியசிடும் பைரசினமைடும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே அரைகுறையாகக் குறையும், மருந்து நின்றதும் திரும்பும். அடுத்து நீலப் பெட்டி. அதற்கும் அடங்காவிட்டால் 'மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.' என்ற பட்டம். காது கேளாமை வரைக்கும் கொண்டுபோகக்கூடிய ஊசிகள் அந்தப் பட்டத்தோடு வரும். உண்மையில் மருந்தை எதிர்த்த டி.பி. கிருமி அங்கே இல்லவே இல்லை. மருந்து வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

இன்று நிலைமை நிஜமாகவே மாறியிருக்கிறது. 2017க்குப் பிறகு வாரம் மூன்று நாள் போய் தினசரி மாத்திரை வந்தது; நீலப் பெட்டியும் போய்விட்டது. அதைவிட முக்கியம், சி.பி.நாட் என்னும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவி. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. சளியில் டி.பி. கிருமியின் மரபணு இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினை எதிர்க்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். அதே வேலையைச் செய்யும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியிலேயே ஓடும். சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். 2008இல் தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு நெஞ்சு நோய்ப் பிரிவுக்கும் ஸ்கேனுக்கும் சேலம், பெங்களூர் என்று ஓட வேண்டிய அவசியம் குறைந்தது.

சி.பி.நாட் கருவி என்.டி.எம்.மைத் தேடுவதில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும். நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சி தெரிகிறது, சி.பி.நாட் 'டி.பி. கிருமி இல்லை' என்கிறது. இந்த முரண்பாடு வந்தவுடன் மருத்துவர் மனத்தில் என்.டி.எம். என்ற எழுத்து எரிய வேண்டும். இப்போது நடக்கும் தவறும் இங்கேதான். 'நெகட்டிவ், டி.பி. இல்லை' என்று சீட்டைக் கையில் கொடுத்து, இருமல் டானிக்கோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அன்று இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தார்கள் என்றால், இன்று இருக்கிற நோயை இல்லை என்று அனுப்புகிறார்கள். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். முதலாவதில் நோயாளியை யாராவது திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாவது இருந்தார்கள்.

நோயை உறுதிசெய்ய சளியைக் கல்ச்சர் போட வேண்டும். கிருமி வளர வாரங்கள் ஆகும், வளர்ந்ததை எந்த இனம் என்று பிரிக்க வேண்டும். ஒரு தடவை வளர்ந்தால் போதாது. இவை குழாய்த் தண்ணீரிலேயே இருப்பதால், சளி கொடுக்கும் முன் குழாயில் வாய் கொப்பளித்திருந்தாலே தப்பான விடை வந்துவிடும். அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சு நோய் மருத்துவச் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல் மூன்றையும் சேர்த்துக் கேட்கிறது: அறிகுறி இருக்க வேண்டும், படத்தில் மாற்றம் தெரிய வேண்டும், தனித்தனி நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது ஒரே இனம் வளர வேண்டும். வேறு நோய் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். கிருமி வளர்ந்த எல்லோரும் நோயாளியும் அல்லர். லேசான நோய் என்றால் மருந்தைத் தொடங்காமல் கண்காணித்துக்கொண்டே இருப்பதும் முறையான வைத்தியம்தான்.

மருந்து என்று தொடங்கினால் ஏவியம் கூட்டத்துக்கு அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதாம்புட்டால் மூன்றும் சேர்ந்து. சளியில் கிருமி அற்றுப்போன நாளிலிருந்து மேலும் பன்னிரண்டு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடக் கூடாது. அது ரிஃபாம்பிசின் நிறம். ஆனால் பச்சையும் சிவப்பும் மங்கித் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். எதாம்புட்டால் கண் நரம்பைத் தொடுகிறது என்று பொருள். அப்செஸஸ் இனம் என்றால் பாடு அதிகம். பல மருந்துகள் அதனிடம் செல்லாது, ஊசியும் வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தையும் விட்டுப் போக முடியாது. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் பழுதான தலைமுறைகள் இங்கே உண்டு. ஜப்பான் நிதியுதவியில் 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதிலிருந்து மீளச் செய்த பெரிய காரியம். என்.டி.எம்.மின் மெழுகுத்தோல் சாதாரண அளவு குளோரினுக்கு அஞ்சாது, குழாயின் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. உலகத்தில் குழாய்த் தண்ணீர் ஓடும் எல்லா ஊருக்கும் இது பொதுவானது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பழைய ஆழ்குழாய்க்குத் திரும்ப வேண்டாம். நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்கள் மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் வேலையையும் புழுதி வேலையையும் வேறு ஒருவரிடம் விட்டால் போதும்; விட முடியாதென்றால் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம்.

இந்த நோயாளிகள் இனி கூடத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். காரணம் கெட்டதில்லை. அன்று டி.பி. வந்தவர் செத்துப்போனார், இன்று குணமாகிறார், தழும்பேறிய நுரையீரலோடு இன்னும் முப்பது வருஷம் வாழ்கிறார். அந்தத் தழும்புதான் இந்தக் கிருமிக்கு நிலம். விறகடுப்புப் புகையில் வெந்த பெண்களின் மூச்சுக் குழாய்களும் அப்படியே. கேஸ் வந்துவிட்டது, பழைய புகை செய்தது அழியவில்லை.

சின்ன ஆறுதல் ஒன்று: சேர்ந்து வாழ்வதால், ஒரே தட்டில் உண்பதால் இது சாதாரணமாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தனிச் சொம்பு தேவையில்லை. கல்யாணப் பேச்சு நிற்க வேண்டியதில்லை. பெரிய குறை ஒன்று: டி.பி. என்று பதிவானவருக்கு இலவச மருந்தும், நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுத் தொகையும் உண்டு. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கியது. என்.டி.எம். நோயாளி டி.பி. இல்லை என்று முடிவான அன்றே அந்தப் பதிவிலிருந்து விழுந்துவிடுகிறார். நோய் அதே நுரையீரலில், எடை அதே அளவு குறைந்திருக்கிறது, மருந்து இன்னும் நீண்ட காலத்துக்கு. இது நியாயமில்லை, மாநில அரசு நினைத்தால் இதைத் தனியாகவே சரிசெய்யலாம்.

அதுவரை, ஏரியூராகட்டும் வேறு எந்த ஊராகட்டும், உங்கள் வீட்டில் ஒருவர் டி.பி. மாத்திரையை முழுசாக முடித்தும் இருமினாலோ, டி.பி. இல்லை என்று சொன்னபிறகும் இரண்டு மாதமாக இருமினாலோ, பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போங்கள். இரண்டாம் தடவை டி.பி. மருந்து எழுதுவதற்கு முன்னால் 'சளியைக் கல்ச்சருக்கு அனுப்பியாச்சுங்களா டாக்டர்?' என்று கேளுங்கள்.